அறை பதியும் முன் அறிய வேண்டிய ஆங்கிலம்

நம் ஊரில் ‘ஹோட்டல்’ என்றால் இட்லியும் சாம்பாரும் கிடைக்கும் இடம். தங்குவதற்கு ‘லாட்ஜ்’ என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறோம். ‘ரிசப்ஷன்’ என்றால் திருமணத்தையொட்டி மாலையில் நடக்கும் வரவேற்பு. ‘மீல்ஸ்’ என்றால் இலை போட்டுப் பரிமாறப்படும் முழுச் சாப்பாடு. ஆனால் காசிக்கோ, ஜெய்ப்பூருக்கோ, சிம்லாவுக்கோ செல்ல எண்ணி, கைப்பேசியில் அறை பதிவு செய்ய அமரும்போது இதே சொற்கள் வேறு பொருளோடு நம் முன் நிற்கின்றன. அங்கே ஹோட்டல் என்பது தங்கும் விடுதி; ரிசப்ஷன் என்பது சாவி வாங்கும் மேசை; மீல் என்பது ஒருவேளை உணவு. அந்த உணவு கட்டணத்தில் அடங்கியும் இருக்கலாம், அடங்காமலும் இருக்கலாம்.

இந்தப் பொருள் மாற்றம் வெறும் மொழிச் சிக்கலாக இருந்தால், ஒரு வங்கி இதழில் அதற்கு இடம் தேவைப்பட்டிருக்காது. விடுமுறைக் காலம் முடிந்தபின் வங்கிக் கிளைகளுக்கு வரும் முறையீடுகளில் ஒரு வகை எங்களுக்கு நன்கு பழக்கமானது. “அறையை ரத்து செய்துவிட்டோம், பணம் திரும்பவில்லை.” “சொன்ன வாடகை ஒன்று, எடுத்த தொகை வேறு.” “வைப்புத் தொகையைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், கணக்கில் வரவில்லை.” ஆவணங்களை விரித்துப் பார்த்தால், பெரும்பாலும் விடை அங்கேயே ஓர் ஆங்கில வரியில் இருக்கும். பணம் செலுத்துவதற்கு முன் வாடிக்கையாளர் விரலால் தள்ளிவிட்டுக் கடந்த வரி அது.

அறைப் பதிவில் வரும் ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றும் ஓர் ஒப்பந்த நிபந்தனை. அவற்றைப் பணம் செலுத்துவதற்கு முன் படித்தால் அவை நமக்குத் துணை. செலுத்திய பின் படித்தால் நமக்கு எதிரான சாட்சி. ஆங்கிலத்தில் சரளமாக உரையாட வேண்டியதில்லை. ஏறத்தாழ முப்பது சொற்களின் பொருளும், தயங்காமல் கேட்கச் சில சிறு கேள்விகளும் போதும்.

முற்காலத்தில் காசிக்குப் போன தமிழருக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. சத்திரம் இருந்தது; அங்கே தமிழும் இருந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் அமைத்த சத்திரம் காசியில் இன்றும் இருக்கிறது. தென்னிந்தியச் சொல்லான ‘சாவடி’யை ஆங்கிலேயரே ‘சௌல்ட்ரி’ என்று தம் மொழியில் எடுத்துக்கொண்டார்கள். இன்று சத்திரத்தில் இடம் கிடைக்காதவர்களும், வேறு வசதி வேண்டுவோரும் விடுதியையே நாட வேண்டியிருக்கிறது. எனவே, எழுபதைக் கடந்த பெற்றோருடன் காசிக்குச் செல்லும் நால்வர் குடும்பம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, பதிவு முதல் விடைபெறுதல் வரை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

அறையின் பெயர்கள்

முதலில் கண்ணில் படுபவை ‘ஸ்டாண்டர்ட்’, ‘டீலக்ஸ்’, ‘சூப்பர் டீலக்ஸ்’, ‘பிரீமியம்’, ‘எக்ஸிகியூட்டிவ்’ ஆகிய சொற்கள். இவற்றுக்குப் பொதுவான அளவுகோல் இல்லை. ஒரு விடுதியின் டீலக்ஸ் அறை இன்னொரு விடுதியின் ஸ்டாண்டர்ட் அறையைவிடச் சிறியதாக இருக்கலாம். ஆகவே பெயரை விட்டுவிட்டு, அறையின் சதுர அடி அளவையும் கட்டிலின் வகையையும் பார்ப்பதே முறை. ‘சூட்’ என்று நாம் எழுத்தைப் பார்த்துப் படிக்கும் சொல்லை ஆங்கிலத்தில் ‘ஸ்வீட்’ என்றே ஒலிக்க வேண்டும். உறங்கும் இடமும் அமரும் இடமும் தனித்தனியாக அமைந்த பெரிய அறைத்தொகுதி அது.

கட்டிலைக் குறிக்கும் சொற்களில் கவனம் வேண்டும். ‘டபுள்’ என்றால் இருவர் சேர்ந்து படுக்கும் ஒரே பெரிய கட்டில். ‘ட்வின்’ என்றால் தனித்தனியான இரண்டு கட்டில்கள். இரு நண்பர்களோ, தாயும் மகனுமோ ஓர் அறையில் தங்கினால் ட்வின் என்று கேட்க வேண்டும். ‘டபுள் ஆக்குபன்சி’ என்பது கட்டிலைக் குறிப்பதன்று. அந்த வாடகை இருவர் தங்குவதற்கு உரியது என்பதே அதன் பொருள். மூன்றாமவர் வந்தால் ‘எக்ஸ்ட்ரா பெட்’ கட்டணம் தனி. குழந்தைகளுக்கு எந்த வயதுவரை கட்டணம் இல்லை என்பது ‘சைல்ட் பாலிசி’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும். இது விடுதிக்கு விடுதி மாறும்.

நம் காசிக் குடும்பத்துக்கு இரண்டு அறைகள் தேவை. பெற்றோரின் அறை அருகிலேயே இருக்க வேண்டும். இங்கே இரு சொற்களின் வேறுபாடு உதவும். ‘அட்ஜாய்னிங் ரூம்ஸ்’ என்றால் அடுத்தடுத்த அறைகள்; ‘கனெக்டிங் ரூம்ஸ்’ என்றால் இடையில் உட்கதவு உள்ள அறைகள். இரவில் தந்தைக்கு மூச்சுத் திணறினால் நடைவழியைச் சுற்றி ஓட வேண்டுமா, உட்கதவைத் திறந்தால் போதுமா என்பது இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. ‘லிஃப்ட்’ உண்டா, ‘கிரவுண்ட் ஃப்ளோர்’ அதாவது தரைத்தள அறை கிடைக்குமா, ‘வெஸ்டர்ன் டாய்லெட்’ இருக்கிறதா, ‘ஹாட் வாட்டர்’ நாள் முழுவதும் வருமா அல்லது குறித்த நேரத்தில் மட்டுமா என்ற நான்கு கேள்விகளையும் முதியோருடன் செல்பவர்கள் பதிவுக்கு முன்பே கேட்பது நல்லது.

‘சப்ஜெக்ட் டு அவைலபிலிட்டி’ என்னும் தொடர் இவற்றுக்கெல்லாம் வாலாக ஒட்டி வரும். ‘இருந்தால் தருவோம்’ என்பது அதன் பொருள், ‘தருவோம்’ என்பதன்று. உட்கதவு அறையோ, தரைத்தளமோ நமக்கு இன்றியமையாதது என்றால், விடுதியிடமிருந்து ‘கன்ஃபர்ம்ட்’ என்ற சொல்லை மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ பெற்றுக்கொள்ள வேண்டும். ‘ஆன் ரிக்வெஸ்ட்’ என்று இருந்தால், வேண்டுகோள் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை என்று கொள்க.

வாடகையும் அதனுள் அடங்குவனவும்

வாடகைப் பட்டியலை ‘டாரிஃப்’ என்பர். அதில் ‘பெர் ரூம் பெர் நைட்’ என்றிருந்தால் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கான தொகை. சுற்றுலா நிறுவனங்களின் விளம்பரங்களில் ‘பெர் பர்சன் ஆன் ட்வின் ஷேரிங்’ என்று வரும். அது ஒருவருக்கான தொகை. அதுவும் அறையை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டால் மட்டும். தனியாகச் செல்பவருக்கு ‘சிங்கிள் சப்ளிமென்ட்’ என்று கூடுதல் தொகை சேரலாம். விளம்பரத்தில் 4,000 ரூபாய் என்று இருந்தால், தம்பதிக்கு அது 8,000 ரூபாய்.

உணவைக் குறிக்க இந்திய விடுதிகளில் நான்கு குறியீடுகள் வழங்குகின்றன. ‘ஈ.பி.’ எனப்படும் யூரோப்பியன் பிளானில் அறை மட்டும், உணவு இல்லை. ‘சி.பி.’ எனப்படும் கான்டினென்டல் பிளானில் காலை உணவு உண்டு. ‘எம்.ஏ.பி.’ எனப்படும் மாடிஃபைட் அமெரிக்கன் பிளானில் காலை உணவோடு மதியம் அல்லது இரவு ஏதேனும் ஒருவேளை உணவு சேரும். ‘ஏ.பி.’ எனப்படும் அமெரிக்கன் பிளானில் மூன்று வேளையும் உண்டு. மலைவாழிடங்களில் இரவில் வெளியே சென்று உண்பது அரிது என்றால் எம்.ஏ.பி. பயன்படும். காசியில் காலை நான்கு மணிக்கே கங்கைக்குச் செல்பவருக்கு, எட்டு மணிக்குத் தொடங்கும் விடுதிக் காலை உணவுக்குப் பணம் கட்டுவது தேவையா என்று எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்து வரி. ‘இன்க்ளூசிவ் ஆஃப் டாக்ஸஸ்’ என்றால் வரி உள்ளடங்கியது; ‘எக்ஸ்க்ளூசிவ்’ அல்லது ‘பிளஸ் டாக்ஸஸ்’ என்றால் வரி தனி. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறைக்கு ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, அதற்கு மேல் இருந்தால் 18 விழுக்காடு. இதனைக் கணக்காகப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 3,000 ரூபாய் அறையில் இரண்டு இரவுகள் தங்கினால் வாடகை 6,000, வரி 300, மொத்தம் 6,300. ஆனால் 8,000 ரூபாய் அறையில் ஒரே இரவு தங்கினாலும் வரி மட்டும் 1,440 ரூபாய். திரையில் பெரிய எழுத்தில் தெரியும் தொகையையன்றி, பணம் செலுத்தும் பக்கத்தில் வரும் இறுதித் தொகையையே விடுதிகளுக்கிடையே ஒப்பிட வேண்டும்.

‘காம்ப்ளிமென்டரி’ என்ற சொல் கட்டணமில்லாததைக் குறிக்கும். அறையில் வைக்கப்பட்டிருக்கும் இரண்டு தண்ணீர்ப் புட்டிகளின்மீது அச்சொல் இருந்தால் தயங்காமல் குடிக்கலாம். ‘மினிபார்’ எனப்படும் சிறு குளிர்பெட்டியில் உள்ளவை அப்படியல்ல; எடுத்த ஒவ்வொன்றும் கணக்கில் ஏறும்.

இரவைக் கொண்டு நாளை எண்ணுதல்

நம் கோயில் நகரங்களின் லாட்ஜுகளில் பலவற்றில் ‘24 மணி நேர’ முறை இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அறை எடுத்தால் மறுநாள் மாலை ஆறு மணிவரை ஒரு நாள். பிற இடங்களில் பெரும்பாலான விடுதிகள் இம்முறையைப் பின்பற்றுவதில்லை. அங்கே ‘செக்-இன் டைம்’ எனப்படும் வருகை நேரம் நண்பகல் 12 அல்லது பிற்பகல் 2 மணி என்றும், ‘செக்-அவுட் டைம்’ எனப்படும் புறப்பாட்டு நேரம் முற்பகல் 11 அல்லது நண்பகல் 12 மணி என்றும் நிலைத்திருக்கும். இரவு பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தாலும் மறுநாள் நண்பகலுக்குள் அறையை விட்டுவிட வேண்டும்.

நம் குடும்பத்தின் தொடர்வண்டி 12-ஆம் தேதி காலை ஐந்து மணிக்குக் காசியை அடைகிறது என்று கொள்வோம். அவர்கள் 12-ஆம் தேதிக்கு அறை பதிந்திருந்தால், அந்த அறை நண்பகலில்தான் அவர்களுக்கு உரியது. ஏழு மணி நேரம் முதியோர் இருவரும் வரவேற்புக் கூடத்தின் நாற்காலியில் அமர்ந்திருக்க நேரலாம். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ‘ஏர்லி செக்-இன்’ கேட்டு, அதற்கு எவ்வளவு கட்டணம் என்பதை முன்பே உறுதி செய்துகொள்வது. மற்றொன்று, 11-ஆம் தேதி இரவிலிருந்தே அறையைப் பதிவது. இரண்டாம் வழியைத் தேர்ந்தால், 12-ஆம் தேதி விடியற்காலையில்தான் வருவோம் என்பதை விடுதிக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இல்லையேல், 11-ஆம் தேதி இரவு வராதவர்கள் என்று முடிவு செய்து அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். “வீ வில் அரைவ் அட் ஃபைவ் ஏ.எம். ஆன் தி ட்வெல்ஃத். ப்ளீஸ் ஹோல்ட் தி ரூம்” என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும்.

புறப்படும் நாளில் இரவு வண்டி என்றால் ‘லேட் செக்-அவுட்’ கேட்கலாம். அரைநாள் வாடகை வாங்குவது பல விடுதிகளின் வழக்கம். அறை வேண்டாம், பெட்டிகளை மட்டும் வைத்தால் போதும் என்றால், “கேன் வீ லீவ் அவர் லக்கேஜ் ஹியர் டில் ஈவ்னிங்?” என்று கேட்கலாம். பல விடுதிகள் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

ரத்து செய்யும் உரிமை

பணத்தைப் பொறுத்தவரை மிக முக்கியமான சொற்கள் இரண்டு: ‘ரிஃபண்டபிள்’, ‘நான்-ரிஃபண்டபிள்’. ஒரே அறைக்கு இரண்டு விலைகள் இருப்பதைப் பதிவுத் தளங்களில் காணலாம். குறைந்த விலையின் அருகே சிறிய எழுத்தில் நான்-ரிஃபண்டபிள் என்று இருக்கும். பயணம் நின்றுபோனாலும் பணம் திரும்பாது என்ற நிபந்தனையை ஏற்பதற்காகவே அந்தத் தள்ளுபடி. வீட்டில் முதியோரோ, தேர்வு எழுதும் பிள்ளையோ, மகப்பேற்றை எதிர்நோக்கும் மகளோ இருந்தால், சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த எண்ணி முழுத் தொகையையும் பணயம் வைப்பது சரியன்று.

‘ஃப்ரீ கேன்சலேஷன்’ என்றாலும் அதற்கு ஒரு கெடு உண்டு. ‘48 அவர்ஸ் பிரியர் டு செக்-இன்’ என்பது வருகை நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணப்படும். 12-ஆம் தேதி நண்பகல் வருகை நேரம் என்றால், 10-ஆம் தேதி நண்பகலோடு கெடு முடிகிறது. அன்று மாலை ரத்து செய்தால் ‘கேன்சலேஷன் சார்ஜ்’ விழும். ரத்து செய்யாமலும் போகாமலும் இருந்துவிடுவதை ‘நோ-ஷோ’ என்பர். அதற்கு ஓர் இரவு வாடகையோ, முழு வாடகையோ பிடித்துக்கொள்வார்கள். ‘பே அட் ஹோட்டல்’, அதாவது நேரில் வந்து பணம் செலுத்தலாம் என்ற பதிவிலும், அட்டை விவரம் கொடுக்கப்பட்டிருந்தால் நோ-ஷோ தொகை எடுக்கப்படலாம்.

தொலைபேசியில் ரத்து செய்தால் அதற்கு ஆதாரம் வேண்டும். ‘கேன்சலேஷன் நம்பர்’ கேட்டு வாங்கி, ரத்து செய்த மின்னஞ்சலையும் சேமித்து வைக்க வேண்டும். அட்டைவழிச் செலுத்திய தொகையை நியாயமின்றித் திருப்பித் தர மறுத்தால், வங்கிவழி ‘டிஸ்ப்யூட்’ எழுப்ப இயலும். அதனையே ‘சார்ஜ்பேக்’ என்கிறோம். அப்போது வங்கி வாடிக்கையாளரிடம் கேட்பது பதிவு உறுதிச் சீட்டையும், ரத்துக்கான சான்றையும், விடுதியோடு நடந்த கடிதப் போக்குவரத்தையும்தான். நான்-ரிஃபண்டபிள் என்பதை ஏற்றுப் பணம் செலுத்திவிட்டு எழுப்பும் முறையீடு வெல்வது மிகவும் கடினம். வாடிக்கையாளரின் துயரம் எங்களுக்குப் புரிந்தாலும், ஆவணத்தில் உள்ள சொல்லைக் கடந்து எங்களால் செல்ல இயலாது.

பதிவு உறுதியாகாமலேயே பணம் மட்டும் கணக்கிலிருந்து போய்விடுவதும் உண்டு. இதற்கு ரிசர்வ் வங்கி 2019-இல் காலவரம்பு வகுத்திருக்கிறது. யு.பி.ஐ. வழியாகவோ, இணையத்தில் அட்டை வழியாகவோ வணிகருக்குச் செலுத்தியபோது கணக்கில் பற்று எழுதப்பட்டும் வணிகருக்கு உறுதி சேரவில்லை என்றால், ஐந்து நாட்களுக்குள் தொகை தானாகத் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. எனவே ஒருமுறை தோல்வியுற்றதும் பதறி, அடுத்தடுத்து மூன்று முறை செலுத்திவிட வேண்டாம்.

முன்பணமும் முடக்கிய பணமும்

‘அட்வான்ஸ்’ என்பது வாடகையில் ஒரு பகுதி. இறுதிக் கணக்கில் கழியும். ‘செக்யூரிட்டி டெபாசிட்’ என்பது வாடகைக்குப் புறம்பானது. அறையில் சேதமோ, கட்டாத கணக்கோ இல்லை என்றால் திரும்ப வேண்டியது. இதைப் பெரிய விடுதிகள் ‘இன்சிடென்டல்ஸ்’ என்ற பெயரில் கேட்பதுண்டு. அறையில் தங்கும்போது உணவு, சலவை, மினிபார் என நேரக்கூடிய சில்லறைச் செலவுகளுக்கான காப்பு என்பது அதன் பொருள்.

அதை எப்படி எடுக்கிறார்கள் என்பதில்தான் வங்கிக் கணக்கின் நலன் இருக்கிறது. ‘ப்ரீ-ஆதரைசேஷன்’ அல்லது ‘ஹோல்ட்’ என்றால், தொகை விடுதிக்குப் போவதில்லை. நம் அட்டையின் வரம்பில் முடக்கி வைக்கப்படுகிறது. புறப்படும்போது செலவான அளவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விடுவிப்பார்கள். அது நம் வரம்பில் மீண்டும் தெரியச் சில நாட்கள் ஆகலாம். மாறாக ‘சார்ஜ்’ செய்தால், தொகை உண்மையிலேயே போய்விடுகிறது. திரும்புவதற்கு விடுதி தனியாக ‘ரிஃபண்ட்’ அனுப்ப வேண்டும். டெபிட் அட்டையிலோ, யு.பி.ஐ.யிலோ இவ்வாறு டெபாசிட் செலுத்தினால், பயணத்தின் நடுவில் கைச்செலவுக்கான பணமே குறைந்துவிடக்கூடும். “இஸ் இட் எ ஹோல்ட் ஆர் எ சார்ஜ்?” என்று கேட்பதில் தவறே இல்லை. யு.பி.ஐ.யிலும் தொகையை முடக்கி வைத்து, தேவைப்படும்போது பகுதி பகுதியாக எடுக்கும் வசதியை ரிசர்வ் வங்கி 2022 டிசம்பரில் அறிவித்தபோது, விடுதிப் பதிவையே ஒரு பயனாகக் குறிப்பிட்டது.

பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்று விடுதி சொன்னால், அட்டைப் பரிவர்த்தனைக்கு ‘ஏ.ஆர்.என்.’ எண்ணையும், யு.பி.ஐ.க்குப் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணோடு கிளைக்கு வந்தால் பணம் எங்கே நிற்கிறது என்று தேடுவது எளிது. எண் இல்லாமல் வந்தால் நீங்களும் நாங்களும் விடுதியின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

வரவேற்பு மேசையில்

விடுதியை அடைந்ததும் நாம் நிற்கும் இடம் ‘ரிசப்ஷன்’ அல்லது ‘ஃப்ரன்ட் டெஸ்க்’. நீண்ட வாக்கியம் தேவையில்லை. “வீ ஹேவ் எ புக்கிங், டூ ரூம்ஸ், டூ நைட்ஸ்” என்று சொல்லி ‘வவுச்சர்’ எனப்படும் பதிவுச் சீட்டைக் காட்டினால் போதும். வந்திருக்கும் பெரியவர்கள் அனைவருக்கும் ‘ஐ.டி. ப்ரூஃப்’ கேட்பார்கள். பான் அட்டையில் முகவரி இல்லாததால் பல விடுதிகள் அதை ஏற்பதில்லை. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, கடவுச்சீட்டு, ஆதார் ஆகியவற்றில் ஒன்று வேண்டும். ஆதாரின் நகலைத் தருவதாக இருந்தால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ‘மாஸ்க்ட் ஆதார்’ நகலைத் தரலாம்.

கையொப்பமிடும் படிவத்தில் மூன்றை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்: புறப்படும் தேதி, வாடகை, உணவுத் திட்டத்தின் குறியீடு. பதிவுச் சீட்டில் சி.பி. என்று இருந்து, படிவத்தில் ஈ.பி. என்று இருந்தால் அந்த இடத்திலேயே திருத்தச் சொல்ல வேண்டும். சாவி பெற்றதும், பெட்டிகள் ஏறும் முன்பே, “மே வீ சீ தி ரூம் ஃபர்ஸ்ட்?” என்று கேட்டு அறையைப் பார்க்கலாம். சரியில்லை என்றால், “திஸ் இஸ் நாட் தி ரூம் வீ புக்ட். ப்ளீஸ் சேஞ்ச் இட்” என்று தாழ்ந்த குரலில், தெளிவாகச் சொன்னால் போதும்.

சில நேரங்களில் உறுதியான பதிவு இருந்தும் அறை இல்லை என்பார்கள். வராமல் போகிறவர்களை எதிர்பார்த்து, இருப்பதைவிடக் கூடுதலாகப் பதிவு செய்வதை ‘ஓவர்புக்கிங்’ என்பர். அப்போது அதற்கு இணையான வேறு விடுதியில், அவர்கள் செலவிலேயே அறை ஏற்பாடு செய்யுமாறு கேட்பது வழக்கத்தில் உள்ளதே. அது சலுகை கேட்பதாகாது. “வீ ஹேவ் எ கன்ஃபர்ம்ட் புக்கிங். ப்ளீஸ் அரேஞ்ச் எ சிமிலர் ரூம்” என்பதே நம் வாக்கியம்.

கணக்குத் தீர்த்தல்

புறப்படும் நாளில் “வீ ஆர் செக்கிங் அவுட். பில் ப்ளீஸ்” என்றால் கணக்கு வரும். பணம் செலுத்துவதற்கு முன் வரிவரியாகப் பாருங்கள். நாம் எடுக்காத உணவோ, மினிபார் பொருளோ இருந்தால், “வீ டிட் நாட் டேக் திஸ்” என்று சொல்லி நீக்கச் செய்யலாம். ‘சர்வீஸ் சார்ஜ்’ என்பது வரியன்று. விடுதிகளும் உணவகங்களும் அதைத் தாமாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது; டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அவற்றை உறுதி செய்தது. நீக்கும்படி கேட்டும் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பணியாளருக்கு மனமுவந்து தரும் ‘டிப்ஸ்’ வேறு. அது நம் விருப்பம்.

சொல் சரி, இடம் சரியா?

இத்தனை சொற்களையும் அறிந்தவரும் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு: விடுதியே இல்லாத விடுதித் தளம். புனித யாத்திரை செல்வோரையும் சுற்றுலாப் பயணிகளையும் குறிவைத்து இணையப் பதிவு மோசடிகள் நடப்பதாக, உள்துறை அமைச்சகத்தின் இந்திய இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. போலி இணையதளம், சமூக ஊடகப் பக்கம், தேடுபொறி விளம்பரம், வாட்ஸ்அப் கணக்கு ஆகியவற்றின் வழியே விருந்தினர் இல்லமும் அறையும் பதிந்து தருவதாகப் பணம் பறிக்கப்படுகிறது. பணம் போனபின் அந்த எண் பதில் தருவதில்லை.

தேடுபொறியில் முதலில் வரும் தொலைபேசி எண்ணை நம்பாமல், விடுதியின் எண்ணை இன்னோர் இடத்திலும் சரிபாருங்கள். முழு வாடகையையும் தனிநபர் பெயரிலுள்ள கணக்குக்கோ, யு.பி.ஐ. முகவரிக்கோ அனுப்பச் சொன்னால் நிறுத்துங்கள். ‘ரிஃபண்ட்’ தருகிறோம், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணை இடுங்கள் என்றால் அது திருட்டு. பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணையும், உங்கள் வங்கியையும் அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணித்துளியும் மோசடி செய்தவருக்கே உதவும்.

பணம் செலுத்தும் முன் ஐந்து கேள்விகள்

அடுத்த பயணத்துக்கு அறை பதியும்போது இவ்வைந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விடை கிடைத்தபின் பணம் செலுத்துங்கள்.

இஸ் தி ரேட் இன்க்ளூசிவ் ஆஃப் டாக்ஸஸ்? — வரி உள்ளடங்கியதா?

இஸ் பிரேக்ஃபாஸ்ட் இன்க்ளூடட்? — காலை உணவு சேர்ந்ததா?

வாட் ஆர் தி செக்-இன் அண்ட் செக்-அவுட் டைம்ஸ்? — எத்தனை மணிக்கு அறை தருவீர்கள், எத்தனை மணிக்கு விட வேண்டும்?

இஸ் இட் ரிஃபண்டபிள்? டில் வென்? — ரத்து செய்தால் பணம் திரும்புமா? எந்த நாள், எந்த நேரம் வரை?

இஸ் தேர் எனி டெபாசிட்? — வைப்புத் தொகை உண்டா?

உச்சரிப்பு எப்படி இருந்தாலும் கவலை வேண்டாம். எதிரே இருப்பவருக்கும் ஆங்கிலம் பெரும்பாலும் தாய்மொழியன்று. நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் எழுத்தில் தரும் விடையே முக்கியம்; அதைப் பத்திரப்படுத்தி, நிம்மதியாகப் பெட்டியைக் கட்டுங்கள்.